மீனம்பாக்கம், சரக்குப் பிரிவு

நெருப்பு போகும் துளையே போடாத குழல்.
ஊதிப் பாருங்கள், காற்றுகூடப் போகாது என்றேன்.
யாரும் ஊதவில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்:
ஆயுதம், பொம்மை, தொல்பொருள்.
பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயல்,
பிறந்தது போன ஆடியில்,
எடை நாலரைக் கிலோ.
எந்தக் கட்டத்திலும்
கால் நீட்டிப் படுக்க மாட்டேன் என்கிறது.

கமிஷனர் ஆபீசில்:
சுடாததற்கு லைசென்ஸ் கிடையாது.
சுங்கத்தில்:
லைசென்ஸ் இல்லாததை விட முடியாது.

இருபத்துமூன்றாம் நாள்.
கிடங்கு வாடகை துப்பாக்கி விலையைத் தாண்டிவிட்டது.
எழும்பூரில் என் கும்பினிச் சிப்பாய்கள்
துடைப்பக்கட்டையோடு ஒத்திகை பார்க்கிறார்கள்.

இன்று சூப்பரிண்டெண்ட் அருள்விழி
பெட்டியைத் திறந்து,
கதவைச் சாத்தி,
தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினார்.
ஜன்னலில் விமானமொன்று இறங்கிக்கொண்டிருந்தது.

டுமீல் என்றார், மெதுவாக.

பிறகு உட்கார்ந்து எழுதினார்:
மேலும் விசாரணை தேவை.