உதிரிகள்

ஸ்கோர் புத்தகத்தின் அடியில் எனக்கென்று ஒரு வரி:
பைஸ்.
விட்டதை எழுதும் வரி.
மட்டையைத் தாண்டி வந்து
சும்மா கைக்குள் அடங்கிய பந்துகளுக்கு,
பத்தொன்பது வருசத்துப் பந்துகளுக்கு,
கட்டம் இல்லை.

தொண்ணூற்றெட்டில் நாவற்குழிச் சென்றியில்
கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும்
தன் விரலை விட்டுப் பார்த்தான் ஒரு சிப்பாய்.
வியர்வைதான்.
மணந்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

இடக்கைச் சின்னவிரல் மூன்று தரம் முறிந்தது.
ஒருக்கால் ஐஸ்பழக் குச்சி வைத்துக் கட்டி
மிச்ச ஓவருக்கும் குந்தினேன்.
இப்போது வங்கி வாசலில்
கைரேகை மெசின்
இரண்டாம் தரம்தான் என்னை நம்பும்.

அரியாலையில் கடைசி விக்கெட். எட்டு ஓட்டம் தேவை.
செல்வநேசனின் மட்டையில் பந்து படவில்லை.
காற்சட்டை உரசிய சத்தம்.
அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
கத்தினேன்.
நடுவர் என் முகத்தைப் பார்த்துத்தான்
விரலை உயர்த்தினார்.

அடகு நகைக்கு வட்டி கட்ட
மாதாமாதம் வருவான்.
என் கவுண்டர் வெறுமையாய்க் கிடந்தாலும்
பக்கத்து வரிசையில்தான் நிற்பான்.
நான் குனிந்து
தாள் எண்ணுகிறேன்.
ஒன்றும் தவறுவதில்லை.