கதவு வைக்காத அலமாரி

பழைய அலமாரியைக் கரையான் தின்றிருந்தது.
சீனி எடுக்கத் திறந்தேன்,
கதவு மட்டும் கையோடு வந்தது.

பகாவ் மரக்கடை ஆ லோய்
அடிக்கு நான்கு வெள்ளி என்றார்,
மூன்றரைக்கு இறங்கினார்.
பால்மரப் பலகை மூன்று.
மட்டம் பார்க்கக் கருவி இல்லை.
சீசாவில் பாதித் தண்ணீர் ஊற்றி
படுக்கவைத்துப் பார்த்து ஆணி அடித்தேன்.
அப்படியும் நடுப்பலகை
ரயிலடிப் பக்கம் கொஞ்சம் சாய்வு.

"கதவு வேணாம்" என்றாள் தவச்செல்வி.
"என்ன இருக்கு, என்ன தீர்ந்துச்சுன்னு
நீங்களும் பார்த்துக்குங்க."

கலியாணமாகி ஏழு மாதம்.
அவளுக்கு இரண்டாவது.
எனக்கு நாற்பத்துமூன்று வயதில் முதலாவது.

காப்பித்தூள் போத்தல்களை ராத்திரி முழுக்க
வாளியில் ஊறப்போட்டு
ஒட்டியிருந்த தாளைக் கரண்டியால் சுரண்டினாள்.
கடுகு, வெந்தயம், காய்ந்த நெத்திலி, பெருஞ்சீரகம்.
மிளகாய்த்தூள் ஜன்னலோரம் கூடாது, வெளுத்துவிடும்.
பெலாச்சானுக்கு மட்டும் மூடி, மூடிக்கு மேல் ஒரு பை,
பைக்கு மேல் ரப்பர் வளையம்.
எண்ணெய்ப் புகையும் ஆலைத் தூசியும்
ஒட்டிக்கொண்டு கறுப்பாகும் மேல்தட்டை
சனிக்கிழமைதோறும் எலுமிச்சைத் தோலால்
துடைப்பது என் வேலை.

பக்கத்து வீட்டு மக்சிக் ஹஸ்னா
இரண்டு வெங்காயம் கேட்டு வந்து
செய்தித்தாள் படிப்பதுபோல்
மேலிருந்து கீழ்வரை எங்கள் சுவரைப் படித்தார்.
பருப்புப் போத்தலில் அன்று இரண்டு விரல்தான் பருப்பு.
சம்பளத்துக்கு ஆறு நாள்.
நான் போய் முன்னால் நின்று பார்த்தேன்.
என் முதுகு அத்தனை அகலமில்லை.

மேல்தட்டின் மூலையில் மட்டும்
தாளில் சுற்றிய ஒன்று இருந்தது.
பழைய அலமாரியைக் காலிசெய்த அன்று
மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து வந்தது.
கண்ணாடியெல்லாம் பல் காட்டும் வரிசையில்
அது ஒன்றுக்குத்தான் சட்டை.
நான் கேட்கவில்லை.
ஐந்து சனிக்கிழமை அதைத் தூக்கி, அடியில் துடைத்து,
அப்படியே வைத்தேன்.

ஆறாவது சனிக்கிழமை பிரித்தேன்.
நீல விளிம்பு மங்குக் குவளை.
கைப்பிடியருகே பெயர்ந்து கறுத்திருந்தது.
அடியில் ஆணியால் கீறிய எழுத்து: வீ.மு.
தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவர் என்று கேள்வி.
நான் பார்த்ததில்லை.
இத்தனை சின்னக் குவளையில்
பசியாறிவிட்டா
அத்தனை மேடும் ஏறினார்?

கழுவினேன். துடைத்தேன்.
அவள் கோப்பைக்கும் என் கோப்பைக்கும் பக்கத்தில்,
நடுவில் இல்லை,
பக்கத்தில் வைத்தேன்.

தொழிற்சாலை வேனிலிருந்து இறங்கி வந்தவள்
பையைக்கூட வைக்காமல் நின்றாள்.
அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும்
நான் எதையோ கிண்டிக்கொண்டிருந்தேன்.
கிட்டப் போனாள்.
குவளையின் கைப்பிடியை மட்டும்
மற்ற இரண்டும் பார்க்கும் திசைக்குத்
திருப்பி வைத்தாள்.
"நெத்திலி தீரப்போவுது" என்றாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
எங்கள் தாமானைக் குலுக்கிக்கொண்டு போகும்.
போத்தல்கள் ஒன்றையொன்று இடிக்கும்.
காலையில் அவள்
ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிரித்து வைப்பாள்.
இன்று அந்தச் சத்தத்தில்
புதிதாக ஒன்று, தட்டையாக, மங்கு கண்ணாடியில் பட்டு.

அவளும் விழித்திருந்தாள்.
மூச்சில் தெரிந்தது.
நாளைக்கு அதையும் ஒரு விரல் நகர்த்துவாள்.
நகர்த்தட்டும்.
பலகைதான் சாய்வு,
திரும்ப வந்து இடிக்கும்.