யீஷூனில் ஒரு கம்பளிக்கோட்டு

பதினோராம் மாடி மூங்கில் கழியில்
கோட்டைக் கோத்துத் தொங்கவிட்டேன்.
இன்னும் போகவில்லை பிர்ச் விறகுப் புகை.

இனாரி ஏரி உறைந்திருந்தது.
அதன்மேல் நடந்து மந்தைக்குப் போனோம்.
“மொத்தம் எத்தனை பனிமான்?” என்றேன்.
மாரெட் சுருக்குக்கயிற்றைச் சுற்றியபடி சிரித்தாள்:
“உன் வங்கியில் எவ்வளவு இருக்கிறது?”
பிறகு
ஒரு மானின் காதைத் திருப்பி
கத்தி வெட்டிய குறியைக் காட்டினாள்.
அவள் வீட்டுக் குறி.
அது போதுமாம்.

மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக் குவெக்:
“டிக்கெட் எத்தனை வெள்ளி? ஓட்டல்?
உங்கள் வீடு இப்போது என்ன விலை போகும்?”

சிரித்தேன். கையில் கயிறில்லை,
சாவிக்கொத்தைச் சுற்றினேன்.

கதவு திறந்தால் மழை.
மறந்துபோன கோட்டு
நனைய நனைய
வீடெல்லாம் புகை மணக்கிறது.