பத்தாம் நம்பர்

எட்மன்டனில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
லூத்தரன் கோயிலின் பேஸ்மென்டில்
மூன்று மணிக்குத் தமிழ் ஆராதனை.
வாசலில் உப்புச்சேறு வடிய
அறுபது ஜோடி பூட்ஸ், எல்லாம் கறுப்பு.

நற்கருணை நாளில் நான் முன்வரிசை.
பக்தி என்று என் மனைவியே நம்பினாள்.
கனிராஜின் வாய் படுமுன்
கிண்ணம் என்னிடம் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில்
என் கை எப்போதும் பாட்டுப்புத்தகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு வருஷம் முன்பு அவரிடம் கேட்டேன்
எந்த ஊர் என்று. பிறகு, எந்தக் கோயில் என்று.
பிறகு, சிரித்துக்கொண்டே,
கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்று.
அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
பாஸ்போர்ட்டில் எங்கும் எழுதாத அந்தத் திசையைக்
கடல் தாண்டிக் கொண்டுவந்தவன் நான்.

"வீட்டுக்கு வாங்க, ஒரு டீ" என்று
அவர் கூப்பிடுமுன் கிளம்பிவிடும் அவசரம்.
பாதி வழியில்தான் தெரிந்தது,
காலில் இருப்பது என்னுடையதல்ல.
குதிகால் வேறு பக்கம் தேய்ந்திருந்தது.
விரல்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

மில் உட்ஸில் அவர் வீடு.
கதவைத் திறந்தவர்
"உங்களுக்கும் பத்தாம் நம்பரா அண்ணாச்சி" என்றார்.
ஹீட்டர் பக்கத்தில் என் பூட்ஸ்,
உப்புக்கறை துடைத்து,
உள்ளே செய்தித்தாள் சுருட்டி வைத்து.
நான் கொண்டுபோனதில் சேறு அப்படியே.

பெரிய வியாழனில்
பாஸ்டர் பன்னிரண்டு பேரின் கால் கழுவும்போது
தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா என்றுதான்
நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

லீதியாள் டீ கொண்டுவந்தார்.
அவர்களுக்குப் பீங்கான் கோப்பை.
எனக்குக் காகிதக் கோப்பை.
புதுக் கட்டு பிரிக்கும் சத்தம்
கொஞ்சம் முன்னால் அடுக்களையில் கேட்டிருந்தது.

குத்திக்காட்ட அல்ல, உபசாரமாகத்தான் வைத்தார்.
எதில் கொடுத்தால் நான் குடிப்பேன் என்று
தெரிந்து வைத்திருந்தார்கள்.
ஆறு வருஷமாக.

"உங்க கோப்பையிலேயே குடுங்கம்மா."
எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
உள்ளே போய், தொங்கிய கோப்பைகளில் ஒன்றை எடுத்து
ஊற்றிக் கொண்டுவந்தார்.
மன்னிப்புக் கேட்கத் தமிழ் வரவில்லை.
பனியைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த நற்கருணைக்குக்
கனிராஜுக்குப் பின்னால் நின்றேன்.
திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அவர் குடித்த விளிம்பைத் துடைக்க
பாஸ்டர் துணியை எடுத்தார்.
வேண்டாம் என்று தலையசைத்தேன்.