அரை இஞ்ச்

அரை இஞ்ச் பைப்பில்
அரை இஞ்ச் எங்கேயும் இல்லை.
வெளியே அளந்தால் இருபத்தொரு மில்லி,
உள்ளே விட்டால் வேறொரு கணக்கு.
பெயர் மட்டும் அரை.
காசிமேட்டில் என்னையும்தான்
சின்னப்பொண்ணு என்கிறார்கள்,
நாற்பத்தாறு வயதில்.

ராத்திரி இரண்டு மணிக்கு போன்.
ஐஸ் பேக்டரி தேசப்பன்.
"இன்னாமே, ஏழு சுத்து டேப்பு ஓட்டிட்டேன்,
சணலு வச்சேன், வெள்ளை பூசினேன்,
இன்னும் அழுவுது."
கரையில் பதினோரு விசைப்படகு
ஐஸுக்கு நிற்கிறது.

எந்த நாட்டிலிருந்தோ பழசாய் வந்த கம்ப்ரசர்.
அதன் தலைக்குத் தண்ணீர் போகிற வாயில்
நம்மூர் நிப்பிள்
கையாலேயே மூன்று சுற்று ஏறியிருக்கிறது,
ரெஞ்ச் போட்டதும் இன்னும் இரண்டு.
அதுதான் மோசம்.
ஒரு இஞ்ச்சாக இருந்தால் தேவலை:
நமக்குப் பதினொன்று, அவர்களுக்குப் பதினொன்றரை,
பாதியிலேயே முறைத்துக்கொண்டு நின்றுவிடும்.
அரை இஞ்ச்சில் இரண்டுக்கும் பதினாலு மரை.
எண்ணிப் பார்த்தால் ஒருதாய் மக்கள்.

கம்ப்ரசரோடு வந்த பழைய பிளக்கை
குப்பையிலிருந்து கிளறி எடுத்து
கேஜ் வைத்து டார்ச்சுக்கு எதிரே பிடித்தேன்.
ஐம்பத்தைந்துக்கும் பல்லுக்கும் நடுவே
மயிரிழையாய் வெளிச்சம்.
அறுபதை மாற்றி வைத்தேன்.
இருட்டு.

ஐந்தே பாகை.
அந்தச் சந்தில்தான் தண்ணீர்
மாடிப்படி இறங்குவது மாதிரி
சுற்றிச் சுற்றி நிதானமாய் வெளியே வருகிறது.
டேப்பை மட்டும் திட்டிக்கொண்டிருந்தான் தேசப்பன்.

துறைமுக ஏலச் சாமானில்
தவறி வந்த டை ஒன்று
நாலு வருஷமாய் என் கடையில்
பில் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன்.
தண்டையார்பேட்டை. ஷட்டரைப் பாதி தூக்கி
குனிந்து நுழைந்தோம், நாயும் நுழைந்தது.
நாலு இஞ்ச் துண்டு. வைஸில் கடித்து
ஒரு முனைக்கு அவர்கள் டை,
திருப்பி, மறுமுனைக்கு நம்முடையது.
அரைச் சுற்று முன்னே,
கால் சுற்று பின்னே,
எண்ணெய்,
சுருள் உடையட்டும்,
மறுபடி.
படகுக்கு அவசரம். பல்லுக்குக் கிடையாது.

மாட்டி, வால்வைத் திறந்து,
ஜாயிண்டுக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு
கம்ப்ரசர் சத்தத்தில் நின்றேன்.
பத்து நிமிஷம் இருக்கும்.
விரல் காய்ந்தே இருந்தது.

"நாலு இஞ்ச் பைப்புக்கு ஆயிரமா?
மரை கழண்டுபோச்சா உனக்கு?"
எழுநூறுக்கு இறங்கினேன்,
ஐஸ் ஒரு பையில்.

இதை அடுத்து எவன் கழற்றுவானோ,
எந்த ராத்திரியோ.
சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்:
இந்தப் பக்கம் 60.
அந்தப் பக்கத்தைச் சொல்ல
இடம் போதவில்லை.