பதினொரு டாலர்

மேகம் என்று இதற்குப் பெயர் வைத்தவர்
புவேர்த்தோ மோந்தில் ஒரு குளிர்காலம்கூட இருந்திருக்கமாட்டார்.
இங்கே மேகம் தானாக வரும்,
தகரக் கூரைமேல் குந்தும்,
காசு கேட்காது.

ஜூலை பில் நாற்பத்தோராயிரம் டாலர்.
ஜூனில் அறுநூறு.
நான்தான் திறந்தேன்.

யாரோ ஒருத்தன், எந்த ஊரோ,
எங்கள் பெயரில் எண்பது சர்வர்களை வாடகைக்குப் பிடித்து
மூன்று ராத்திரி பிட்காயின் தோண்டியிருக்கிறான்.
சாவி பூட்டிலேயே தொங்கியது என்றான் லவுதாரோ,
தரையைப் பார்த்தபடி.

அன்றிரவே எல்லாப் பூட்டையும் மாற்றினோம்:
சால்மன் ஏற்றுமதிக் கணக்கு, குளிரறை, சம்பளப் பட்டியல்.
பாஸ்வேர்டு போதாது, இனி போனுக்கும் ஓர் எண் வரும்.
பில்லின் அடியில் ஒரு வரி மிஞ்சியது.
ரோசால்பா-சோதனை-2. மாதம் பதினொரு டாலர்.
ரோசால்பா வேலையை விட்டு நாலு வருஷம்.
அது என்ன செய்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
அணை, என்றேன்.
நாற்பத்தோராயிரம் நழுவிய கையில்
பதினொன்றை இறுக்கிப் பிடித்த திருப்தி.

விடிகாலை ஐந்தேகால். கல்புகோவிலிருந்து போன்.
படகுக்காரர் எலியோதோரோ.
"அம்மணி, இன்றைக்கு ஓதம் ஏறும் நேரம் வரவில்லையே?"

தினமும் வருமாம் ஒரு குறுஞ்செய்தி,
மூன்றே மூன்று படகுகளுக்கு.
அதனால்தான் எங்கள் கம்பெனியை
நல்லவர்கள் என்று அவர் நினைத்திருந்தாராம்.

லவுதாரோ அதை மறுபடி எழுப்பினான்,
புதுச் சாவியோடு.
தள்ளுபடி கேட்டுக் கெஞ்சும் கடிதம்
இன்னும் பாதியில் கிடக்கிறது.
கணக்கேட்டில் 'சோதனை'யை அடித்துவிட்டு
மேலே எழுதினேன்:
கடல்.