அறுபத்தோராம் மாதம்

தவணை பிடிக்காத முதல் மாதம்.
பதினைந்தாம் தேதி, காலை ஆறு பத்து.
கயானி ஆஸ்பத்திரியின் பின்வாசலில்
துடைப்புவண்டியைச் சுவரோடு சாத்திவிட்டு
ஈர்யா கையுறையைப் பல்லால் கடித்து உருவி
போனில் வங்கிக் கணக்கைத் திறக்கிறாள்.
சம்பளம் முழுசாக நிற்கிறது,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டி மாதிரி.
தொடலாமா என்று தெரியவில்லை.

கடன் அவளுடையது இல்லை.
தௌனோ மரம் ஏற்றுகிற லாரி வாங்கினான்.
அண்ணன் விரல் வைத்த இடத்தில்
தங்கை கையெழுத்துப் போட்டாள்,
காப்பி ஆறுவதற்குள்.
லாரி இரண்டு குளிர்காலம் ஓடியது.
பிறகு தௌனோ ஓடினான், நார்வே பக்கம்.
கையெழுத்துக்குத்தான் ஓடத் தெரியவில்லை.

நீதிபதியின் முகம் அவளுக்குத் தெரியாது.
எல்லாம் தபாலில் நடந்தது.
ஒன்பது பக்கத் தீர்ப்பு
நூறில் எழுபத்தொன்றைக் கழித்துவிட்டு
மிச்சத்தை அறுபது துண்டாக நறுக்கியிருந்தது.
மீன் வெட்டுகிறவர் கை,
அதில் தயவும் இல்லை, கோபமும் இல்லை.

அவள் உயிர்வாழவும் ஒரு தொகை போட்டிருந்தார்கள்:
சாப்பாடு, சோப்பு, பஸ், இதர.
இதரவில்
ஒரு ஜோடி பனிக்காலணி வரும்.
பல் வைத்தியம் வராது.
அக்கா மகன் கல்யாணத்துக்கு ரொவானியெமி
போவதற்கு வரும்,
வருவதற்கு வராது.

மூன்றாம் வருஷம் இரவுப்பணி கூடியது.
கூடிய வருமானத்தில் ஒரு பங்கு
கடன் கொடுத்தவர்களுக்கு என்றது ஏழாம் பக்கம்.
கோடு போட்ட நோட்டில் அவளே எழுதினாள்,
அவளே எடுத்து வைத்தாள்.
யாரும் சோதிக்க வரவில்லை.
ஒரு செப்டம்பரில் காட்டில் பழம் பொறுக்கி விற்ற
நாற்பத்திரண்டு யூரோவை
எழுதினாள்,
அடித்தாள்,
ராத்திரி எழுந்து வந்து மறுபடி எழுதினாள்.

மனசில்லாமல் செய்வதை
'கடனே என்று' செய்வதாக நாம் சொல்கிறோம்.
அவள் மொழியில் அப்படி இருக்கிறதா, தெரியாது.
இருந்தாலும் அந்த நோட்டுக்கு அது பொருந்தாது.

முடிவு எப்படி வரும் என்று நினைத்திருந்தாள்?
ஓர் உறை. ஒரு முத்திரை.
யாராவது அவள் பேரைச் சத்தமாகப் படிப்பது.
ஒன்றும் வரவில்லை.
அட்டவணையின் அறுபதாம் வரிக்குக் கீழே
வெறும் தாள் இருந்தது.
சந்தேகத்துக்குக் கடன் ஆலோசகரை அழைத்தாள்.
கீபோர்டு தட்டுகிற சத்தம்.
'முடிந்துவிட்டது. வேறேதாவது கேட்க வேண்டுமா?'
வேறேதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது.
இல்லை என்றாள்.

தௌனோவின் செய்தி அன்று மாலை வந்தது,
நாலு வருஷத்துக்குப் பிறகு.
'கேள்விப்பட்டேன். நல்லது.'
எந்த அட்டவணையிலும் ஏறாத இந்த ஒன்றை
எத்தனை துண்டாக நறுக்குவது?
'எது நல்லது' என்று தட்டினாள், அழித்தாள்.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்தாள்.
வேகவில்லை.

இப்போது பின்வாசலில் பனி
சத்தமில்லாமல் இறங்குகிறது.
மூன்றாவது மாடி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
எட்டு மணி வரை பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து
பல் ஆஸ்பத்திரிக்கு போன் போடுகிறாள்.
ஐந்து வருஷமாக இடப்பக்கம் மட்டுமே மென்றவள்
எந்தப் பல் என்று கேட்டதும் குழம்புகிறாள்.
வலது, கீழே, கடைசிக்கு முந்தியது,
இல்லை, கடைசி.

'கட்டணம் கொஞ்சம் அதிகம்தான்,
தவணையாகக் கட்டுகிறீர்களா?'
என்கிறது இளம் குரல், உதவியாக.

'ஒரே தடவையில்' என்கிறாள் ஈர்யா.
வேண்டியதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.
நிறுத்தத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றித்
திரும்பிப் பார்க்கிறான்.